அத்தியாயம் 7: நிதானம் வேறு, தேக்கம் வேறு

ஆலையில் கற்ற செயல்முறை மேம்பாட்டை ஆய்வுப் பணிக்குக் கொண்டுவருவது எப்படி?

ஆனி பிறந்தால் தென்காசிக்காரர்கள் மேற்கே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மலை முகட்டில் மேகம் அடைந்து நின்றால் குற்றாலத்தில் தண்ணீர் விழும் என்று தெரிந்துகொள்வார்கள். பேரருவியின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தண்ணீர் குறைந்தது மட்டுமே தெரியும். ஏன் குறைந்தது என்பதற்கான விடை செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் மேலே இருக்கிறது.

பிஎச்.டி. ஆய்வும் இப்படித்தான். ஐந்தாம் ஆண்டில் ஆய்வேடு முடியவில்லையே என்று தவிக்கிறோம். நம் சோம்பல்தான் காரணம் என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். ஆனால் அடைப்பு எங்கோ மேலே, முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ விழுந்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திறந்துவிடுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஆலையில், மென்பொருள் நிறுவனத்தில், மருத்துவமனையில் லீன், சிக்ஸ் சிக்மா, கைசன் என்று ஏதாவது ஒரு பயிற்சி பெற்றுவிட்டு, இப்போது பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பயிற்சி எதுவும் பெறாதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். தேவையான சொற்களை அங்கங்கே விளக்கியிருக்கிறேன்.

பயிற்சி எங்கிருந்து வந்தது?

வீணாவதைக் குறைக்கும் லீன், சிறு சிறு மாற்றங்களாகத் திருத்தும் கைசன் ஆகிய முறைகளின் வேர் ஜப்பானின் டொயோட்டா ஆலையில் இருக்கிறது. அங்கே தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர், வேலை நடக்கும் நேரத்தைவிட வேலை காத்துக்கிடக்கும் நேரத்தைக் கூர்ந்து பார்த்தார். வீண் என்று ஏழு வகைகளைப் பட்டியலிட்டார். 1986-இல் அமெரிக்காவின் மோட்டோரோலா நிறுவனம் பிழைகளை எண்ணிக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையைத் தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. தர மேம்பாட்டுக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கியது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 2002-இல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது.

ஆய்வாளருக்கு இவற்றைவிட நெருக்கமான பாடம் அரவிந்த் கண் மருத்துவமனையில் இருக்கிறது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி அதைத் தொடங்கினார். 1988 முதல் திருநெல்வேலியிலும் இயங்குகிறது. அங்கே ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். அவருடைய கை விரைந்து வெட்டுவதால் வந்த வேகமில்லை இது. அவருடைய கை சும்மா காத்திருக்காததால் வந்த வேகம்.

உங்கள் ஆய்வில் அப்படிக் காத்திருக்கக் கூடாத கை எது? விடியற்காலையில் தெளிவாக இருக்கும் உங்கள் இரண்டு மணி நேரம். கைடு உங்களுக்காக ஒதுக்கும் அரைமணி. இந்த இரண்டுக்கும் முன்னால் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

ஆய்வு கார் தயாரிப்பு இல்லை. ஆலையில் என்ன வெளிவர வேண்டும் என்பது முன்பே தெரியும். ஆய்வில் அது தெரியாததால்தான் ஆய்வே செய்கிறோம். நினைத்த விடை வராத சோதனையைக் குறைபாடு என்று கணக்கில் எழுதக் கூடாது. அதுவும் ஒரு விடை.

தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தம் பிற்கால வாழ்வைக் குற்றாலத்தில் கழித்தார். அதற்கு முன் நெல்லையில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய நண்பர் குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர். ஒரே பாடலை எடுத்துக்கொண்டு நெடுநேரம் அனுபவித்துப் பேசுவார்கள். அந்த நேரத்தில் ஒரு நிமிடத்தையும் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கல்வெட்டு வரியோடு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பதும், ஓர் எண் ஏன் இப்படி வந்தது என்று மூன்று நாள் யோசிப்பதும் ஆய்வின் உயிர். அது நிதானம். அதை அவசரப்படுத்த இந்த முறைகளைக் கையிலெடுத்தால் ஆய்வு கெடும்.

எழுதி முடித்த அத்தியாயம் கையெழுத்துக்காக இரண்டு மாதம் மேசையில் கிடப்பது தேக்கம். எடுத்த தரவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அரைநாள் தேடுவதும் தேக்கம். தேக்கத்தைக் குறைத்தால் நிதானத்துக்கு இடம் கிடைக்கும். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு கருவிக்கும் நோக்கம் இது ஒன்றே.

முதல் படி: நடந்து பார்த்து வரையுங்கள்

இதைக் கெம்பா நடை என்பார்கள். கெம்பா என்ற ஜப்பானியச் சொல்லுக்கு வேலை நடக்கும் இடம் என்று பொருள். ஆலையில் மேலாளர் தம் அறையில் உட்கார்ந்து அறிக்கை படிப்பதை விட்டு, பொருள் போகும் பாதையில் கூடவே நடப்பார். நீங்களும் உங்கள் ஆய்வின் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதனோடு நடந்து பாருங்கள். ஒரு தண்ணீர் மாதிரி, ஒரு பேட்டி, ஓர் ஓலைச்சுவடி, ஒரு கட்டுரை, எதுவாகவும் இருக்கலாம்.

சிற்றாற்றின் நீர்த்தரத்தை ஆராயும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்படுத்த உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. குளியல் கூட்டத்தால் ஆறு எவ்வளவு மாறுகிறது என்பது அவருடைய கேள்வி.

அவர் எடுக்கும் ஒரு பாட்டில் தண்ணீரின் பயணத்தை ஒரு தாளில் இடமிருந்து வலமாக எழுதுங்கள்: பாட்டில் கழுவுதல், பயணம், மாதிரி எடுத்தல், பனிக்கட்டிப் பெட்டி, ஆய்வகம், அளவீடு, நோட்டில் பதிவு, கணினியில் பதிவு, வரைபடம், பத்தி. ஒவ்வொரு பெட்டியின் கீழும் இரண்டு எண்கள் எழுதுங்கள். கை பட்ட நேரம் ஒன்று. அடுத்த பெட்டிக்குப் போகும் வரை காத்திருந்த நேரம் மற்றொன்று. அளவீடு ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். நோட்டிலிருந்து கணினிக்குப் போக நாற்பது நாள் ஆகியிருக்கும். வேலை எங்கே கிடந்தது என்பது அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியும்.

ஓனோவின் ஏழு வீண்களை ஆய்வாளரின் மேசைக்கு ஏற்ப இப்படிச் சொல்லலாம்:

1. காத்திருப்பு: கையெழுத்து, கருவியின் முறை, ஜர்னல் நடுவரின் பதில்.
2. குவியல்: திறக்காத பி.டி.எஃப்.கள், எழுத்தாக்கப்படாத பேட்டி ஒலிப்பதிவுகள்.
3. அலைச்சல்: ஒரே ஒரு கையெழுத்துக்காகத் தென்காசியிலிருந்து நெல்லைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்வருவது.
4. தேடல்: 'கடைசி', 'கடைசி புதியது', 'கடைசி உண்மையானது' என்று பெயரிட்ட கோப்புகள்.
5. மிகை உற்பத்தி: எந்தக் கேள்விக்கு என்று தெரியாமலே சேகரித்த தரவு.
6. மிகை மெருகு: வாதம் நிலைபெறாத அத்தியாயத்தில் காற்புள்ளி திருத்துவது.
7. திரும்பச் செய்தல்: கடைசி மாதத்தில் எல்லா மேற்கோள்களையும் வேறு வடிவத்துக்கு மாற்றுவது.

உங்கள் தாளில் எது பெரியதாக இருக்கிறதோ அதை மட்டும் வட்டமிடுங்கள். ஏழையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் புறப்படாதீர்கள்.

இரண்டாம் படி: ஐந்து முறை 'ஏன்' கேளுங்கள்

டொயோட்டாவில் ஒரு பழுது நேர்ந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பார்கள். முதல் பதிலில் பெரும்பாலும் ஓர் ஆள் அகப்படுவார். ஐந்தாம் பதிலில் ஒரு பழக்கம் அகப்படும். திருத்த வேண்டியது பழக்கத்தை.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் சாரல் பருவப் பயணத்தில் எடுத்த தண்ணீர் மாதிரிகளில் பாதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. எது ஐந்தருவித் தண்ணீர், எது பழைய குற்றாலத்துத் தண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை. இரவெல்லாம் என் கவனக்குறைவை நொந்துகொண்டேன். பிறகு ஆலையில் செய்ததுபோல் ஒரு தாளை எடுத்து எழுதினேன்.

ஏன் அடையாளம் தெரியவில்லை? லேபிளில் மை கரைந்துவிட்டது.
ஏன் கரைந்தது? சாரலில் நனைந்துகொண்டே சாதாரண பேனாவால் எழுதினேன்.
ஏன் சாரலில் எழுத நேர்ந்தது? வீட்டிலேயே எழுதி எடுத்துப்போகவில்லை.
ஏன் எழுதவில்லை? எந்த இடத்தில் எத்தனை பாட்டில் என்ற பட்டியல் இல்லை.
ஏன் இல்லை? பயணத்துக்கு முந்தின நாள் என்ன செய்ய வேண்டும் என்று எங்குமே எழுதி வைக்கவில்லை.

'இனி கவனமாக இருப்பேன்' என்று முடிவெடுத்திருந்தால் அடுத்த சாரலிலும் இதுவே நடந்திருக்கும். ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் எழுதினேன். அழியாத மை மார்க்கர், பாட்டிலிலும் மூடியிலும் ஒரே எண், எண்ணின் விவரம் தனி நோட்டில், இவை எல்லாம் முந்தின நாள் மாலையிலேயே. அதற்குப் பின் ஒரு பாட்டிலும் அநாதையாகவில்லை.

மூன்றாம் படி: நாட்காட்டியைப் பொருளுக்கு ஏற்ப அமையுங்கள்

நீரில் கரிமக் கழிவு எவ்வளவு என்று அறிய உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை அளக்கிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி மாதிரியை 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்திருந்து முடிவைப் படிக்க வேண்டும். வியாழக்கிழமை மாதிரி எடுத்து அன்றே வைத்தால் மூன்றாம் நாள் ஞாயிறு. ஆய்வகம் பூட்டியிருக்கும். பயணம், பெட்ரோல், உழைப்பு எல்லாம் போய்விடும். செவ்வாய்க்கிழமை எடுத்தால் வெள்ளி வரும். கூட்டம் நிறைந்த விடுமுறை நாள் மாதிரி வேண்டுமென்றால் சனிக்கிழமை எடுங்கள், செவ்வாய் வரும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

கரைந்த ஆக்சிஜனுக்கான மாதிரியை ஆற்றங்கரையிலேயே வேதிப்பொருள் சேர்த்து நிலைநிறுத்த வேண்டும். அமில காரத் தன்மையை அங்கேயே அளந்துவிட வேண்டும். இவற்றை மேலே சொன்ன பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நாட்காட்டிக்கும் இதே விதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டு. குற்றாலத்தில் ஆய்வு செய்பவர் இதை ஆண்டாக எண்ணக் கூடாது, சாரலாக எண்ண வேண்டும். மூன்று ஆண்டென்றால் மூன்று சாரல். முதல் ஆண்டின் சாரல் பாடப்பிரிவுகளிலும் ஆய்வுத் திட்டம் எழுதுவதிலும் போய்விடும். மீதி இரண்டு. வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களுக்கு மே மாதம் விண்ணப்பித்தால் ஒரு சாரல் கைநழுவக்கூடும். விண்ணப்பத்தை முந்தைய கார்த்திகையிலேயே எழுதுங்கள்.

ஒவ்வொரு களப்பயணத்துக்கும் மாற்று நாள் ஒன்றைக் குறித்து வையுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். அருவிக்குப் போகத் தடை என்று காவல்துறை சொன்னால் அன்று மாதிரி கிடையாது. மாற்று நாள் கையில் இருப்பவருக்கு அபாயத்தோடு பேரம் பேசும் எண்ணம் வராது.

நான்காம் படி: கையில் இருப்பதைக் குறையுங்கள்

1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு சூத்திரத்தை நிறுவினார். ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம், கையில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் வரும். உதாரணத்துக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு வேலையை முடிப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆறு வேலை இருந்தால் ஒவ்வொன்றும் முடியச் சராசரியாகப் பன்னிரண்டு மாதம். கையில் இரண்டே வைத்திருந்தால் நான்கு மாதம். உங்கள் வேகம் சிறிதும் கூடவில்லை. தொடங்கியவற்றின் எண்ணிக்கை மட்டும் குறைந்தது.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள பிராட் நிறுவனம் மரபணு ஆய்வுக்குப் பெயர்பெற்றது. அங்கே நடக்கும் பணிகளை ஒட்டுத்தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தார்கள். யாராலும் முடிக்க முடியாத அளவு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. எண்ணிக்கையைக் குறைத்தபின் பணி நகர்ந்தது. உலகின் முன்னணி ஆய்வகத்துக்கே தேவைப்பட்ட கண்ணாடி இது.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அறைச் சுவரில் ஒரு சார்ட் தாளை ஒட்டி, மூன்று கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரியுங்கள்: 'செய்ய வேண்டியது', 'செய்துகொண்டிருப்பது', 'பிறரிடம் இருப்பது', 'முடிந்தது'. இரண்டாம் பத்தியில் இரண்டு சீட்டுக்கு மேல் ஒட்டாதீர்கள். மூன்றாம் பத்தியில் உள்ள ஒவ்வொரு சீட்டிலும் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். மென்பொருள் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பலகை பழக்கமானது. ஆய்வாளருக்கு மூன்றாம் பத்தியே உயிர்நாடி. நம் தேக்கத்தில் பெரும்பகுதி அங்கேதான் படுத்திருக்கிறது.

ஐந்தாம் படி: கைடிடம் சிறு சிறு கட்டுகளாகக் கொடுங்கள்

மேலே சொன்ன 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியரிடம் எட்டு ஆய்வாளர்கள் வரை இருக்கலாம். இணைப் பேராசிரியரிடம் ஆறு, உதவிப் பேராசிரியரிடம் நான்கு. எட்டுப் பேரும் நூற்றைம்பது பக்கத்தைச் சேர்த்துவைத்து ஒரே மாதம் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த மனிதராலும் படிக்க முடியாது. கைடு தாமதிக்கிறார் என்று வருந்துவதற்கு முன் நாம் எப்படிக் கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும்.

பதினைந்து பக்கம் ஆனதும் கொடுங்கள். மேலே ஒரு சிறு தாளில், "ஐயா, இந்தப் பகுதியில் இரண்டு இடங்களில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும்: பக்கம் 4-இல் மாதிரி எடுத்த முறை, பக்கம் 11-இல் முடிவு. அடுத்த புதன் காலை வந்து பார்க்கட்டுமா?" என்று எழுதுங்கள். அரவிந்தில் அடுத்த மேசை தயாராக இருப்பதுபோல் இது. அவர் உட்கார்ந்ததும் வேலை தொடங்கிவிடும். முதல் பதினைந்து பக்கத்தில் திருத்திய தவறு அடுத்த நூறு பக்கத்தில் வராது என்பது கூடுதல் பயன்.

கருத்துத் திருட்டுச் சோதனைக்கும் இதையே செய்யுங்கள். 2018-ஆம் ஆண்டு விதிகள் பத்து விழுக்காடு வரையான ஒற்றுமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. ஆய்வேடு முழுவதையும் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் சோதிப்பவர், வெளியே போகும் வாசலில் நின்று பழுது தேடுகிறார். ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்ததும் சோதித்தால் பழுது பிறந்த இடத்திலேயே பிடிபடும். கடன்வாங்கிய கருத்தை அப்போதே உங்கள் சொற்களில் எழுதி, உரியவர் பெயரைச் சொல்ல நேரமும் இருக்கும்.

ஆறாம் படி: அடுத்தவருக்கு எழுதி வையுங்கள்

திருத்திய முறையை எழுதி வைக்காவிட்டால் பழைய முறை திரும்பி வந்துவிடும். மாதிரி எடுக்கும் பட்டியல், கோப்புக்குப் பெயர் வைக்கும் விதி, ஒவ்வொரு தரவு அட்டவணைக்கும் ஒரு விளக்கப் பக்கம், இந்த மூன்றும் போதும். தேதியை முதலில் எழுதிக் கோப்புக்குப் பெயரிட்டால் ('2025-07-12 ஐந்தருவி') அவை தாமாகவே வரிசையில் நிற்கும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்கே கல்வெட்டுப் பாடலொன்றில் தன் மனத்தைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குற்றம் நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. கட்டும்போதே பழுது வரும் என்று ஒப்புக்கொண்டான். திருத்தப்போகும் முகம் தெரியாதவருக்கு மரியாதை செய்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற அந்தக் கோயிலின் ராஜகோபுரம் 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது.

உங்கள் ஆய்விலும் பிழை இருக்கும். நாளை சிற்றாற்றை ஆராய வரும் மாணவி அதைக் கண்டுபிடிப்பாள். அவளுக்கு உங்கள் எண்கள் எங்கே, எப்படி, எந்த நாளில் எடுக்கப்பட்டன என்று தெரிந்தால் உங்கள் பிழையைத் திருத்தி மேலே போவாள். தெரியாவிட்டால் உங்கள் ஆறு ஆண்டுகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

பயிற்சி: நான்கு வாரம்

முதல் வாரம்: ஒரு பொருளின் பயணத்தை ஒரே தாளில் வரையுங்கள். கை பட்ட நேரம், காத்திருந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். அதிகம் காத்திருந்த ஒரே இடத்தை வட்டமிடுங்கள்.

இரண்டாம் வாரம்: அந்த இடத்துக்கு ஐந்து 'ஏன்' கேளுங்கள். பதிலில் ஆளின் பெயர் வந்தால் இன்னும் ஒரு 'ஏன்' கேளுங்கள்.

மூன்றாம் வாரம்: ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். சுவரில் பலகையை ஒட்டுங்கள்.

நான்காம் வாரம்: அதே பயணத்தை மீண்டும் அளந்து பாருங்கள். காத்திருப்பு குறைந்திருந்தால் மாற்றத்தை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். குறையவில்லையென்றால் வேறொன்றை முயலுங்கள். திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று டெமிங்கின் பெயரால் வழங்கும் சக்கரம் இதுவே.

மிச்சமான நேரத்தை உடனே புது வேலை ஒன்றால் நிரப்பிவிடாதீர்கள். உங்கள் தரவில் புரியாமல் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் எண் இருக்கும். அதோடு போய் உட்காருங்கள்.